எந்த நிறங்காட்டியை வாங்குவது? தரம்பார்த்தல் வரைகோட்டை முன்வைத்து ஓர் ஒப்பீடு

இராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்துக்கும் தொண்டிக்கும் நடுவே உள்ள ஓர் ஊரின் மேல்நிலைப் பள்ளியில் நான் வேதியியல் கற்பிக்கிறேன். எங்கள் ஆய்வக அலமாரியில் நிறங்காட்டிகள் (கரைசல் அமிலமா காரமா என்பதற்கேற்ப நிறம் மாறும் பொருள்கள்) என்று சொல்ல இரண்டே புட்டிகள்தாம் உண்டு: ஒன்று பினாப்தலீன், மற்றொன்று மெத்தில் ஆரஞ்சு. செய்முறைத் தேர்வுக்கு இவை போதும். ஆக்சாலிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்க (செறிவு தெரிந்த கரைசலைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அளவு காண) முன்னது, சோடியம் கார்பனேட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்க்கப் பின்னது என்று மாணவர்கள் மனப்பாடமாகவே சொல்லிவிடுவார்கள். ஆனால் எங்கள் ஆய்வகத்துக்கு வருபவை தேர்வு உப்புகள் மட்டுமல்ல. இறால் பண்ணையில் வேலை பார்க்கும் தந்தையிடமிருந்து குட்டை நீரையும், வீட்டுக் கிணற்று நீரையும், வடகடல் (பாக் விரிகுடா) நீரையும் பிள்ளைகள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். இந்த ஆண்டு கொஞ்சம் பணம் கிடைத்திருக்கிறது. அதைக்கொண்டு மெத்தில் சிவப்பை வாங்குவதா, புரோமோதைமால் நீலத்தை வாங்குவதா, புரோமோகிரிசால் பச்சையை வாங்குவதா, அல்லது எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சிறிய பிஎச் மீட்டர் ஒன்றை வாங்குவதா என்பதே கேள்வி. இதே நிலையில் உள்ள ஆசிரியர்களுக்கும் பண்ணைகளில் நீர் சோதிப்பவர்களுக்கும் உதவும் என்பதால், நான் எண்ணிப் பார்த்ததை இங்கே முழுமையாக எழுதுகிறேன்.

நிறங்காட்டியின் பெயரிலிருந்து தொடங்கினால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. தரம்பார்த்தல் வரைகோட்டிலிருந்துதான், அதாவது கரைசலைச் சேர்க்கச் சேர்க்க அமில, கார அளவான பிஎச் எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும் கோட்டிலிருந்துதான், தொடங்க வேண்டும். கூம்புக் குடுவையில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மி.லி. இருப்பதாகவும், பியூரெட்டில் (துளித்துளியாக விடும் அளவுக்குழாயில்) அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு இருப்பதாகவும் கொள்வோம். தொடக்கத்தில் பிஎச் 1. பாதிக் காரத்தைச் சேர்த்த பின்னும் பிஎச் 1.5-ஐத் தாண்டுவதில்லை, வரைகோடு ஏறக்குறையப் படுத்தே கிடக்கிறது. 24.95 மி.லி. சேர்ந்தபோது பிஎச் 4. இன்னும் இரண்டே துளிகள், அதாவது 0.1 மி.லி. சேர்த்து 25.05 மி.லி. ஆனதும் பிஎச் 10. இடையில் உள்ள ஆறு அலகுகளையும் இரண்டு துளிகள் கடந்துவிடுகின்றன. வரைபடத்தாளில் இதைப் புள்ளி வைத்து வரைந்து பார்க்கும் மாணவர்களின் பென்சில், 25 மி.லி. கோட்டருகே வந்ததும் நேர்செங்குத்தாக மேலே போகும். நிறங்காட்டித் தேர்வு முழுவதும் அந்தச் செங்குத்துப் பகுதியைப் பற்றியதே: நிறங்காட்டி நிறம் மாறும் பிஎச் எல்லை அந்தப் பகுதிக்குள் அடங்கினால் அது பொருந்தும், அடங்காவிட்டால் பொருந்தாது.

நிறங்காட்டியும் ஒரு வலிமை குறைந்த அமிலமோ காரமோதான் என்பது ஆஸ்ட்வால்டின் விளக்கம். அதன் அயனியாகாத வடிவத்துக்கு ஒரு நிறமும், அயனிக்கு வேறொரு நிறமும் உண்டு. ஒரு நிறம் மற்றதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு மிகுந்தால்தான் நம் கண் அதைத் தனியாக அறிகிறது. ஆகவே ஒவ்வொரு நிறங்காட்டிக்கும் ஏறத்தாழ இரண்டு பிஎச் அலகு அகலமுள்ள ஒரு மாற்ற எல்லை அமைகிறது. மெத்தில் ஆரஞ்சு 3.1-இல் சிவப்பாகவும் 4.4-இல் மஞ்சளாகவும் இருக்கும். மெத்தில் சிவப்பு 4.4-இலிருந்து 6.2-க்குள் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறும். புரோமோகிரிசால் பச்சை 3.8-இல் மஞ்சள், 5.4-இல் நீலம். புரோமோதைமால் நீலம் 6.0-இல் மஞ்சள், 7.6-இல் நீலம். பினாப்தலீன் 8.3 வரை நிறமற்றது, 10-இல் நல்ல இளஞ்சிவப்பு.

மேலே சொன்ன 4-இலிருந்து 10 வரையிலான தாவலுக்கு இவற்றில் எதை வேண்டுமானாலும் போடலாம். மெத்தில் ஆரஞ்சைக்கூட, முழு மஞ்சள் வரும்வரை போனால், பிழை இரண்டு துளிக்குள் அடங்கிவிடும். தேர்வு என்பதே இங்கு தேவைப்படுவதில்லை. ஆனால் கரைசல்களைப் பத்து மடங்கு நீர்த்து 0.01 மோலாராக்கினால் அதே இரண்டு துளிகளுக்கான தாவல் 5-க்கும் 9-க்கும் இடையே சுருங்கிவிடுகிறது. மெத்தில் ஆரஞ்சு வெளியே தள்ளப்படுகிறது. செறிவு குறையக் குறையத் தேர்வு இறுகும் என்பதை நினைவில் கொள்வது நல்லது, ஏனென்றால் நீர் மாதிரிகள் எல்லாமே நீர்த்த கரைசல்கள்தாம்.

வலிமை குறைந்த அமிலத்துக்கு வருவோம். மளிகைக் கடை வினிகரை ஏறத்தாழ 0.1 மோலார் அளவுக்கு நீர்த்து, 25 மி.லி. எடுத்துத் தரம்பார்க்கச் சொல்லி மாணவர்களுக்கு ஒருமுறை கொடுத்திருந்தேன். மேசை ஒன்றில் பினாப்தலீன் புட்டி கைக்கெட்டாததால், ஒரு மாணவி பக்கத்திலிருந்த மெத்தில் ஆரஞ்சை இரண்டு துளி விட்டுவிட்டாள். பியூரெட்டைத் திறந்த கொஞ்ச நேரத்திலேயே சிவப்பு வெளிறத் தொடங்கியது, இரண்டு மி.லி.க்கு ஒரு மாதிரி, நான்கு மி.லி.க்கு வேறு மாதிரி, ஏழரை மி.லி. வந்தபோது மஞ்சள். "சார், இதுல எதை முடிவுன்னு எடுக்குறது?" என்று அவள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. அங்கே எடுப்பதற்கு முடிவுநிலை என்று எதுவும் இருக்கவில்லை. வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலத்தின் பிகேஏ மதிப்பு (அமிலத்தில் பாதி நடுநிலையாகும் பிஎச்) 4.76, எனவே மெத்தில் ஆரஞ்சின் மாற்ற எல்லை முழுவதும் தாங்கல் பகுதிக்குள், அதாவது வரைகோடு மெல்ல மெல்ல ஏறும் இடத்தில், விழுந்துவிடுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் நிறமாற்றம் 0.3 மி.லி. அருகே தொடங்கி 7.6 மி.லி. அருகே முடிகிறது. அமிலமும் காரமும் சரிக்குச் சரி ஈடாகும் உண்மையான சமானப் புள்ளியோ 25 மி.லி.யில் இருக்கிறது. அந்தக் குடுவையைக் கொட்டிவிடாமல், அதிலேயே பினாப்தலீன் விட்டுத் தொடரச் சொன்னேன். மஞ்சளாகவே நெடுநேரம் இருந்த கரைசல் 25 மி.லி. அருகே ஒரே துளியில் செம்மஞ்சளாகச் சிவந்தபோது, நான் கரும்பலகையில் வரைந்து சொன்னதைவிட அவளுக்கு அது தெளிவாக விளங்கிற்று.

இந்த வரைகோட்டில் 24.95 மி.லி.யில் பிஎச் 7.46, சமானப் புள்ளியில் 8.7, 25.05 மி.லி.யில் 10. தாவல் ஆறு அலகிலிருந்து இரண்டரையாகக் குறைந்துவிட்டது. அது முழுவதும் ஏழுக்கு மேலே, காரப் பக்கம் நகர்ந்தும் விட்டது. உருவாகும் சோடியம் அசிட்டேட் நீராற்பகுப்படைந்து கரைசலைக் காரமாக்குவதே இதற்குக் காரணம். பினாப்தலீனுக்கென்றே அளந்து வைத்ததுபோன்ற இடம் இது. வலிமை குறைந்த அமிலங்களுக்கு வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

அம்மோனியா இதன் கண்ணாடி பிம்பம். மீன் இறங்குதளங்களை ஒட்டியுள்ள ஐஸ் கம்பெனிகளில் குளிரூட்டியாக ஓடுவது அம்மோனியா என்பது இங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரியும். அதன் நீர்க்கரைசலை ஆய்வகத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்ப்பதை அவர்கள் ஆர்வத்தோடு செய்கிறார்கள். 0.1 மோலார் செறிவில் சமானப் புள்ளி பிஎச் 5.3, தாவல் 6.55-இலிருந்து 4.0 வரை. பினாப்தலீனைப் போட்டால் நான்கு மி.லி. அருகிலேயே வெளிறத் தொடங்கி, ஏறத்தாழ 22.5 மி.லி.யில் நிறம் முற்றிலும் போய்விடும்; அதாவது பத்தில் ஒரு பங்கு அம்மோனியா மீதமிருக்கும்போதே வேலை முடிந்துவிட்டதாக அது காட்டும். இங்கு மெத்தில் சிவப்பின் எல்லை முழுவதும் தாவலுக்குள் கச்சிதமாக அடங்குகிறது. மெத்தில் ஆரஞ்சும் ஓரத்தில் பொருந்தும், ஆனால் ஒரு துளி கூடிவிடும். வலிமை குறைந்த அமிலத்தையும் வலிமை குறைந்த காரத்தையும் ஒன்றோடொன்று தரம்பார்க்க முயன்றால் செங்குத்துப் பகுதியே இராது. அதற்கு எந்த நிறங்காட்டியும் உதவாது.

புரோமோதைமால் நீலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பட்டியலைப் பார்க்கும் எவரையும் முதலில் ஈர்ப்பது அதுதான். அதன் எல்லையின் நடுவில் ஏழு இருக்கிறது. நடுநிலையாக்கல் என்றாலே ஏழு என்று படித்து வளர்ந்த நமக்கு அது எல்லாவற்றுக்கும் பொதுவானதாகத் தோன்றுகிறது. நானும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஆனால் சமானப் புள்ளி ஏழில் அமைவது வலிமைமிகு அமிலமும் வலிமைமிகு காரமும் சேரும்போது மட்டுமே, அங்கேயோ எந்த நிறங்காட்டியும் போதும். வினிகரில் அதன் பச்சை நிறத்தில் நிறுத்தினால் 24.86 மி.லி.யிலேயே நின்றுவிடுவோம். பிழை அரை சதவீதத்துக்குச் சற்று மேல். பெரிய பிழை அன்று. இருந்தாலும் அதே இடத்தில் பிழையின்றி நிற்கும் பினாப்தலீன் கையில் இருக்கும்போது இதற்கென்று பணம் செலவிட எனக்குக் காரணம் தென்படவில்லை. மீன் தொட்டி நீரின் பிஎச்சை ஏறத்தாழ அறிய அது நல்ல பொருள். தரம்பார்க்க வாங்க வேண்டியது அன்று.

உண்மையான சிக்கல் நீர் மாதிரிகளில் இருக்கிறது. இறால் வளர்ப்பவர்கள் 'ஆல்கலினிட்டி' என்று சொல்லும் காரத்தன்மை, பெரும்பாலும் நீரிலுள்ள பைகார்பனேட்டும் கார்பனேட்டும் எவ்வளவு அமிலத்தை ஏற்கும் என்பதன் அளவு. அதைக் கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டு லிட்டருக்கு மில்லிகிராமில் சொல்வார்கள். 50 மி.லி. மாதிரியை 0.02 நார்மல் கந்தக அமிலத்தால் தரம்பார்த்தால், செலவான மி.லி.யை 20-ஆல் பெருக்கினால் விடை. கடல்நீருக்கு இது ஏறத்தாழ 115-இலிருந்து 120 வரை வரும், ஆறு மி.லி.யை ஒட்டி அமிலம் செலவாகும். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 200-ஐ ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600-ஐ உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது.

கார்பனேட்டின் வரைகோட்டில் இரண்டு படிகள் உண்டு. கார்பனேட் பைகார்பனேட்டாகும் முதல் படி பிஎச் 8.3 அருகே, பைகார்பனேட் கார்பானிக் அமிலமாகும் இரண்டாம் படி 4.5-ஐ ஒட்டி. முதல் படியைப் பினாப்தலீன் காட்டும். நண்பகலுக்குப் பின் பச்சைப் பாசி நிறைந்த குட்டையிலிருந்து எடுத்த நீரில் அதை இரண்டு துளி விட்டால் இளஞ்சிவப்பு வருவதையும், அதே குட்டையில் விடியற்காலையில் எடுத்த நீரில் வராமல் போவதையும் மாணவர்களே கண்டிருக்கிறார்கள். பகலில் பாசிகள் கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஎச் ஏறுகிறது; இரவில் எல்லா உயிர்களும் சுவாசித்து அதைத் திருப்பிக் கொடுப்பதால் இறங்குகிறது. சாதாரணக் கடல்நீரின் பிஎச் 8.1 அளவிலேயே இருப்பதால் அதில் பினாப்தலீன் பெரும்பாலும் நிறமற்றே கிடக்கும். இந்தப் படிக்கு மாற்றுத் தேவையில்லை.

இரண்டாம் படியில்தான் மெத்தில் ஆரஞ்சையும், புரோமோகிரிசால் பச்சையும் மெத்தில் சிவப்பும் சேர்ந்த கலப்பு நிறங்காட்டியையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: சமானப் புள்ளியின் பிஎச் எல்லா நீருக்கும் ஒன்றன்று. காரத்தன்மை 30 என்றால் அது 4.9, 150 என்றால் 4.6, 500 என்றால் 4.3. பைகார்பனேட் கூடுதலாக இருந்தால் இறுதியில் தேங்கும் கார்பானிக் அமிலமும் கூடுதலாக இருக்கும், பிஎச்சும் கீழே இறங்கும். கடலும் குட்டையும் ஒரு பக்கம், உப்பும் கடினமும் கூடிய கிணறு மறுபக்கம் என்றால், இரண்டுக்கும் ஒரே நிறங்காட்டி ஒரே அளவு பொருந்தாது.

காரத்தன்மை 120 உள்ள நீரை மெத்தில் ஆரஞ்சின் தெளிவான செம்மஞ்சள் வரும்வரை, அதாவது பிஎச் 4.0 வரை தரம்பார்த்தால் சமானப் புள்ளியைத் தாண்டி ஏறத்தாழ 0.25 மி.லி. அமிலம் கூடுதலாகப் போய்விடுகிறது. ஐந்து துளி, விடையில் லிட்டருக்கு 5 மி.கி.; நூற்றுக்கு நான்கு. கடல்நீரில் சல்பேட் அயனிகளும் கொஞ்சம் ஹைட்ரஜன் அயனிகளைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இது இன்னும் சற்றுக் கூடும். கலப்பு நிறங்காட்டியோ பிஎச் 5.2-இல் பச்சை கலந்த நீலமாகவும், 5.0-இல் இளநீலம் சாம்பலோடு கலந்ததாகவும், 4.8-இல் வெளிர் சாம்பலாகவும், 4.6-இல் வெளிர் இளஞ்சிவப்பாகவும் மாறுகிறது. நீலத்திலிருந்து சாம்பல் வழியாக இளஞ்சிவப்புக்குப் போகும் அந்த மாற்றத்தை வெள்ளைப் பீங்கான் ஓட்டின்மேல் குடுவையை வைத்துப் பார்த்தால், கடைசி இரண்டு மூன்று துளிகளில் சாம்பல் நிறம் 'இனி மெதுவாகப் போ' என்று முன்கூட்டியே எச்சரிக்கிறது. மெத்தில் ஆரஞ்சில் அப்படி ஒரு முன்னறிவிப்பு இல்லை. மஞ்சளுக்கும் செம்மஞ்சளுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதில் பக்கத்து மேசைகளில் உள்ள இருவர்கூட உடன்படுவதில்லை. குட்டை நீர் ஏற்கெனவே பழுப்பு கலந்து இருந்தால் இன்னும் சிரமம்.

காரத்தன்மை 400 உள்ள கிணற்று நீருக்கு நிலைமை தலைகீழாகிறது. அங்கே சமானப் புள்ளி 4.3 அருகே இருப்பதால் மெத்தில் ஆரஞ்சு முதன்முதலில் மஞ்சளை இழக்கும் இடமே ஏறக்குறையச் சரியான முடிவு. கலப்பு நிறங்காட்டியின் வெளிர் இளஞ்சிவப்பில் நிறுத்தினால் கால் மி.லி. முன்னதாகவே நின்றுவிடுவோம். ஆனால் மொத்தம் 20 மி.லி. செலவாகும் இடத்தில் கால் மி.லி. என்பது நூற்றுக்கு ஒன்றை ஒட்டிய பிழைதான். மெத்தில் ஆரஞ்சு கடல்நீரில் செய்யும் பிழை இதைப்போல் மூன்று மடங்கு. இரண்டில் ஒன்றுதான் என்றால் கலப்பு நிறங்காட்டியின் பக்கமே நான் நிற்கிறேன்.

இதில் எந்த நிறங்காட்டியும் தீர்க்க முடியாத ஒன்றைக் கடற்கரை ஆய்வகங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். இங்குள்ள ஈரக்காற்றில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகள் மூடியைத் திறந்த சில நிமிடங்களில் பளபளவென்று நனைந்துவிடுகின்றன. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனேட்டாகவும் மாறுகின்றன. அப்படிப்பட்ட பழைய கரைசலை அமிலத்தால் தரம்பார்க்கும்போது, பினாப்தலீன் கார்பனேட்டில் பாதியை மட்டுமே கணக்கில் எடுக்கும், மெத்தில் ஆரஞ்சு முழுவதையும் எடுக்கும். புதிய கரைசலில் இரு அளவீடுகளும் இரண்டு துளிக்குள் ஒத்துப்போகும், பழையதில் விலகும். அந்த விலகலை நான் குறையாகப் பார்க்காமல் சோதனையாகவே பயன்படுத்துகிறேன்: இரண்டு நிறங்காட்டிகளாலும் ஒருமுறை பார்த்து, வேறுபாடு கூடியிருந்தால் கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரித்து, அன்றே ஆக்சாலிக் அமிலத்தால் அதன் செறிவைக் கண்டுகொள்கிறோம். கடல்நீரைச் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்க முயலவே வேண்டாம். அதிலுள்ள மக்னீசியம் ஹைட்ராக்சைடாக வீழ்படிந்து குடுவை பாலாகிவிடும்.

பிஎச் மீட்டர் இவை எல்லாவற்றையும்விடத் துல்லியமானது என்பதில் ஐயமில்லை. கலங்கிய நீரிலும் அது வேலை செய்யும், முழு வரைகோட்டையும் புள்ளி புள்ளியாக எடுத்துத் தரும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத கண்ணுள்ள மாணவனும் மற்றவர்களுக்கு இணையாக வேலை செய்யலாம். அப்படி ஒரு மாணவன் என்னிடம் படித்தான்; மெத்தில் ஆரஞ்சில் தான் என்ன காண்கிறான் என்று சொல்லத் தெரியாமல் அவன் பக்கத்து மேசையின் அளவீட்டைப் பார்த்து எழுதியதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். அந்த ஒரு காரணத்துக்காகவே மீட்டர் வாங்க வேண்டும் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன். ஆனால் மீட்டர் வாங்கினால் போதாது. 4, 7, 10 பிஎச் உள்ள தாங்கல் கரைசல்களைத் தொடர்ந்து வாங்கி ஒவ்வொரு நாளும் அதைச் சரிபார்க்க வேண்டும். மின்முனையைப் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் ஊறவைத்தே வைத்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் உலர்ந்துவிட்டால் பள்ளி திறக்கும்போது அது காட்டும் எண்ணை நம்ப முடியாது. முப்பது பேர் ஒரே நேரத்தில் செய்யும் வகுப்பில் ஒரு மீட்டரை எப்படிப் பகிர்வது என்ற கேள்வியும் இருக்கிறது. ஆண்டு முழுவதும் ஒருவரே பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் பண்ணை ஆய்வகத்துக்கு மீட்டரே சிறந்தது என்பேன். எங்களைப் போன்ற பள்ளிக்கு இந்த ஆண்டு அன்று.

சமையல் மஞ்சளை விட்டுவிட மனமில்லை. ஆலம் (ஆரத்தி) கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவப்பாவதை அறியாத பிள்ளை இந்த ஊரில் இல்லை, ஏறத்தாழ 7.4-க்கும் 8.6-க்கும் இடையே அந்த மாற்றம் நடப்பதால், வினிகரைத் தரம்பார்க்கத் தோராயமாக அது பொருந்தவும் செய்கிறது. பாடத்தைத் தொடங்க அதைவிட நல்ல பொருள் இல்லை. அளவீட்டுக்கு வேண்டாம், நிறம் மெதுவாக மாறுகிறது, கஷாயத்துக்குக் கஷாயம் வேறுபடுகிறது.

எனவே இந்த ஆண்டுப் பட்டியலில் நான் எழுதியிருப்பவை இரண்டு பொடிகள்: புரோமோகிரிசால் பச்சை, மெத்தில் சிவப்பு. கரைசலாக வாங்காமல் பொடியாக வாங்கினால் கெடாமல் நெடுநாள் இருக்கும். அதோடு இரண்டு பொடியிலிருந்து மூன்று நிறங்காட்டிகள் கிடைக்கின்றன: அம்மோனியாவுக்கு மெத்தில் சிவப்பு தனியாக, தேவைப்பட்டால் புரோமோகிரிசால் பச்சை தனியாக, கடலுக்கும் குட்டைக்கும் இரண்டும் கலந்து. கலப்புக்கு 100 மி.கி. புரோமோகிரிசால் பச்சையையும் 20 மி.கி. மெத்தில் சிவப்பையும் 100 மி.லி. ஆல்கஹாலில் கரைத்தால் போதும். வகுப்புக்குத் தேவையான அளவு மட்டும் சிறு புட்டியில் எடுத்துக்கொண்டு மீதியை நன்றாக மூடி வைக்க வேண்டும். எங்கள் வெயிலில் ஆல்கஹால் ஆவியாகிப் புட்டி வாயில் நிறப்பொருள் படிந்துவிடுகிறது. துளி எண்ணிக்கையை எல்லா மேசைகளிலும் ஒன்றாகவே, மூன்று என்று வைத்திருக்கிறேன். நிறங்காட்டியே அமிலத்தன்மை உடையது என்பதால், நீர்த்த மாதிரியில் பத்துத் துளி விட்டால் அதுவும் கணக்கில் வந்து சேரும். பினாப்தலீன் முதலில், அதன் நிறம் போன பின் அதே குடுவையில் கலப்பு நிறங்காட்டி என்ற வரிசையில், வடகடல் நீரில் தொடங்கிக் கிணற்று நீர் வரை பிள்ளைகள் கொண்டுவரும் ஒவ்வொரு பாட்டிலையும் இனிப் பார்க்கப் போகிறோம். கிணற்று நீரை மட்டும் மெத்தில் ஆரஞ்சாலும் ஒருமுறை பார்த்து, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.